தவிட்டுக்கு விற்ற சிப்பாய்

தை மாதத்து ஒரு காலையில் பட்டாளத்து விமானம் ஒன்று வழி தப்பி மேட்டளத்து உப்பளத்துக்கு மேலே வந்து, இரண்டு சுற்றுச் சுற்றி, வயிற்றைத் திறந்து ஒரு யந்திரச் சிப்பாயைக் கீழே தள்ளிவிட்டுப் போனது. தள்ளிவிட்ட சிப்பாய்க்குப் பச்சைக் குடை விரிந்தது, விரிந்த குடையோடு அது ஆறு பனை உயரம் வரைக்கும் இறங்கி வந்தது, வந்த இடத்தில் என்ன நினைத்துக்கொண்டதோ, அப்படியே நின்றுவிட்டது. நின்றுவிட்டது என்றுதான் முதலில் எல்லோரும் சொன்னார்கள். கங்காணி சுடலைக்கண்ணு மட்டும் விளக்குக் கம்பத்தை அடையாளம் வைத்து ஒரு வாரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, நிற்கவில்லை, இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் நாளைக்கு ஒரு முழம், அதற்கு மேல் ஒரு விரல்கடைகூட இல்லை என்று கண்டுபிடித்துச் சொன்னார்.

ஏன் அப்படி என்று என்னைக் கேட்காதீர்கள். டவுனிலிருந்து காலேஜ் வாத்தியார்கள் வந்து காற்றை அளந்தார்கள், டிவிக்காரர்கள் வந்து உப்பள ரோட்டில் வண்டியை நிறுத்திக்கொண்டு தொண்டை வற்றப் பேசினார்கள், ஹெலிகாப்டர் ஒன்று வந்து கயிறு போட்டு இழுத்துப் பார்த்து, மலையைக் கட்டி இழுத்தது போல மூச்சு வாங்கித் திரும்பிப் போனது. மேட்டளத்துக்காரர்கள் ஏன் என்று கேட்கவே இல்லை. அவர்களுக்குப் பிழைப்பு கிடந்தது, மார்கழி மழைத் தண்ணீர் வடிந்து அப்போதுதான் பாத்தி கட்ட ஆரம்பித்திருந்தார்கள்.

அவர்கள் பார்த்தது வேறு ஒன்றை. உப்பளத்தில் மரம் கிடையாது, செடி கிடையாது, ஒரு புல் முளைக்காது. விடிந்ததிலிருந்து வெயில் மேலேயிருந்தும் அடிக்கும், கீழே உப்பில் பட்டுத் தெறித்துக் கண்ணுக்குள்ளும் அடிக்கும். அந்த மண்ணில், ஊர் உண்டான காலத்திலிருந்து முதல் தடவையாக ஒரு நிழல் விழுந்தது. காலையில் மேற்குப் பாத்திகளில் விழுந்து, உச்சிக்கு நேர் கீழே உலகம்மாளின் பாத்திக்கு வந்து, சாயங்காலம் கிழக்கே பஸ் நிற்கிற இடத்துக்கு நகர்ந்து போகும். முதல் பத்து நாள் நிழலுக்காகப் பெண்கள் முடியைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டார்கள், பிறகு சுடலைக்கண்ணு தலையிட்டு மேற்குப் பாத்திக்காரர்களுக்குக் காலைக் கஞ்சி, நடுப்பாத்திக்காரர்களுக்கு மத்தியானச் சோறு, பஸ்ஸுக்கு நிற்பவர்களுக்குச் சாயங்காலம் என்று பிரித்துவிட்டார். பஸ் கண்டக்டர் 'குடை ஸ்டாப்' என்று கூவ ஆரம்பித்தார், டிக்கெட் கேட்பவர்களும் அப்படியே கேட்டார்கள்.

அதன் தோளில் காக்காய் கூடு கட்டிக் குஞ்சு பொரித்தது. சந்தனமாரி என்கிற குடிகாரன் தினமும் வேலை முடிந்ததும் அதற்கு நேர் கீழே போய் நின்று தன் பெண்டாட்டியைப் பற்றிக் குறை சொல்லிவிட்டு, மறுத்துப் பேசாத ஒரே ஆள் ஊரில் இதுதான் என்று சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனான். சோறு தின்னாத பிள்ளைகளுக்கு அதைக் காட்டி ஊட்டினார்கள். சித்திரையில் அம்மன் கொடைக்குப் பொங்கல் வைத்தபோது முதல் கரண்டியை அம்மனுக்குக் காட்டிவிட்டு இரண்டாவதை மேலே தூக்கிக் காட்டினார்கள். அதற்கு வாய் இருக்கிறதா இல்லையா என்று யாரும் ஆராயவில்லை. மேலே இருக்கிறவன் என்றுதான் பேர் வைத்திருந்தார்கள்.

கமலக்கண்ணன் வந்தது மாசிக் கடைசியில். அந்தச் சிப்பாயைச் செய்த இன்ஜினியர் அவர்தான். சொந்த ஊர் ஓசூர்ப் பக்கம், நாற்பதைத் தாண்டிய ஆள், முன்மண்டையில் முடி கொட்டிவிட்டது. மூடிக் கிடந்த சொசைட்டிக் கட்டடத்தில் ஒரு கட்டிலும் முக்காலியில் வைத்த தூரக்கண்ணாடியுமாகக் குடியேறினார். ஆபீஸில் அவருக்கு இட்ட வேலை, அது இறங்குவதை அளந்து தினமும் போனில் சொல்வது. அவர் செய்த வேலை, கண்ணாடியில் ஒரு கண்ணை ஒட்டிக்கொண்டு, உப்புக்காற்றில் இடது முழங்கால் மூட்டு துருப்பிடித்துவிடுமோ என்று நாளெல்லாம் கவலைப்படுவது. அந்த முழங்காலைச் சரியாக மடங்க வைப்பதற்கு அவர் பட்ட பாட்டை அவர் பெண்டாட்டியிடம் கேட்க வேண்டும். அந்த அம்மாள் ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் போட்டு, நான் பெற்றது நல்லாயிருக்கு, நீங்கள் பெற்றது எப்படியிருக்கு என்று கேட்பாள்.

மேட்டளத்துக்காரர்களும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். பெற்றவர் வந்திருக்கிறார் என்று ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு நாள் குழம்பு வந்தது. உலகம்மாள் மட்டும் தினமும் வந்தாள், ஏனென்றால் அவள் பாத்திக்கு நேர் மேலேதான் அது தொங்கியது, வந்து இறங்கப்போவதும் அங்கேதான். ஐம்பது வயதைத் தாண்டிய பொம்பளை, உப்பில் நின்று நின்று வெடித்த கால், யாரிடமும் ஒளித்துப் பேசத் தெரியாத வாய். கமலக்கண்ணன் அவளை அக்கா என்றார். அவள் ஒரு வாரம் சார் என்றாள், பிறகு தம்பி என்று வந்துவிட்டாள்.

ஆடி மாதம், காற்று மண்ணை அள்ளி வீசிக்கொண்டிருந்த ஒரு மத்தியானத்தில், குடை நிழலில் உட்கார்ந்து அவள் கொண்டுவந்த மோரைக் குடித்துக்கொண்டிருக்கும்போது, அவள் நேரடியாகவே கேட்டாள், இதை எதற்குத்தான் செய்தீர்கள் என்று. அவர் சொன்னார். எதிரி நாட்டில், மனுஷன் போய் இறங்க முடியாத இடத்தில் தூக்கிப் போடுவதற்கு. கால் தரையில் பட்டதும் கண் விழிக்கும். விழித்ததும் தன் ஆள் யார் என்று தேடும். அதற்குத் தெரிந்த குரல் ஒன்று பேர் சொல்லிக் கூப்பிட்டால் கூப்பிட்டவன் சொன்னபடி கேட்கும். கூப்பிடாவிட்டால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரைக்கும் அசைகிறதெல்லாம் எதிரி, கோழிக்குஞ்சுகூட. அதற்குத் தெரிந்த குரல் இப்போதைக்கு அவருடையது ஒன்றுதான். அதனால் பயமில்லையே என்றாள் உலகம்மாள். இருக்கிறது அக்கா, எட்டு மாத உப்புக்காற்று அடித்த காதுக்கு என் குரல் கேட்குமா என்று என் கர்னலுக்குச் சந்தேகம், அது ஆள் உயரத்துக்கு வந்ததும் ஊரைக் காலி பண்ணிவிட்டு வெடி வைத்துத் தகர்த்துவிடப் போகிறார்கள் என்று சொல்லிவிட்டு, மோர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டு அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஊரைக் காலி பண்ணுவது என்றால் புரட்டாசியில். புரட்டாசியில்தான் வாரிய உப்பையெல்லாம் அம்பாரம் போட்டு, மழைக்கு முன்னால் ஓலை மூட வேண்டும். விட்டால் வருஷத்துப் பாடு கரைந்து கடலுக்குப் போய்விடும். உலகம்மாளுக்கு அந்தப் பதற்றம் இல்லாமல் இல்லை. ஆனாலும் அழுகிற ஆளை முன்னால் வைத்துக்கொண்டு அதைப் பேச அவளுக்கு மனசு வரவில்லை, அதனால் ஆறுதலுக்கு ஏதோ கேட்க வேண்டுமே என்று, இதுதான் தலைச்சனா தம்பி என்று கேட்டாள்.

இது மூன்றாவது என்றார் அவர். முதலாவது குடை விரியாமல் விழுந்து நொறுங்கிவிட்டது. இரண்டாவது விமானத்துக்குள்ளேயே தீப்பிடித்துக் கரிந்துவிட்டது.

உலகம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். முதல் இரண்டும் தங்கவில்லை, மூன்றாவதுக்கும் நாள் குறித்தாகிவிட்டது. வேறு எந்த ஊரில் யார் கேட்டிருந்தாலும் அடப்பாவமே என்று சொல்லிவிட்டு எழுந்து போயிருப்பார்கள். மேட்டளத்தில் இதற்கு என்ன செய்ய வேண்டும் என்று கைப்பிள்ளைக்காரி எல்லோருக்கும் தெரியும்.

"தவிட்டுக்கு வித்துருங்க தம்பி" என்றாள்.

பிள்ளை தங்காத வீட்டில் அடுத்த பிள்ளையைப் பெற்றவர்கள் தங்களுடையது என்று வைத்துக்கொள்ள மாட்டார்கள். குப்பையில் கிடந்தது, எனக்கு வேண்டாம் என்று சொல்லி வேறொருத்திக்கு ஒரு சுளகு தவிட்டுக்கு விற்றுவிடுவார்கள். வாங்கினவள் பேர் வைப்பாள். கொண்டுபோக வந்த சாவு இன்னார் பிள்ளை எங்கே என்று விலாசம் கேட்டு, அப்படி ஒரு பிள்ளையே இங்கே இல்லை என்றதும் திரும்பிப் போய்விடும். அவ்வளவுதான் விஷயம். ஆனால் விற்றவர்கள் அதற்கப்புறம் எந்தக் காலத்திலும், யார் கேட்டாலும், என் பிள்ளை என்று வாய் தவறிக்கூடச் சொல்லக்கூடாது. சண்முகத்தாயின் பையன் ஐந்து வயது வரை குதித்துக்கொண்டு திரிந்தவன், அவன் அப்பன் டீக்கடையில் யாரிடமோ மார்தட்டி என் மகனாக்கும் என்று சொல்லிவிட்டான், அந்த மாதமே காய்ச்சல் வந்து போய்ச் சேர்ந்தான். இதையெல்லாம் உலகம்மாள் சொல்லச் சொல்ல, படித்து, வெளிநாட்டுக்கெல்லாம் போய் வந்த கமலக்கண்ணன் முதலில் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு மேலே பார்த்தார், கண்ணாடி இல்லாமலே இப்போது அதன் முகம் தெரிந்தது. என்ன குறைந்துவிடப் போகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலையில், நிழல் மேற்குப் பாத்தியில் கிடக்கும்போது, ஊரெல்லாம் கூடி நிற்க, உலகம்மாள் தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்து, சுளகில் தவிடு கொண்டுவந்தாள். கமலக்கண்ணன் வேட்டி கட்டிக்கொண்டு வந்து, சொல்லிக்கொடுத்தபடி மூன்று தடவை, குப்பையில் கிடந்தது, எனக்கு வேண்டாம், எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். மூன்றாவது தடவை குரல் கம்மிவிட்டது, பெண்களுக்கெல்லாம் ஒரு மாதிரியாகிவிட்டது. உலகம்மாள் தவிட்டை அவர் வேட்டி மடியில் கொட்டிவிட்டு, மேலே பார்த்துத் தவிட்டுமுத்து என்று கூப்பிட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. காக்காய் மட்டும் ஒரு தடவை பறந்து உட்கார்ந்தது. ஒன்றும் நடக்காததே நல்ல சகுனம் என்று எல்லோரும் பாத்திக்குப் போனார்கள்.

அன்றிலிருந்து கமலக்கண்ணன் போனில் அளவு சொல்லும்போது 'நம்முடையது' என்று சொல்வதை விட்டுவிட்டார். பழக்கதோஷத்தில் வாய்வரைக்கும் வரும், நாக்கைக் கடித்துக்கொள்வார்.

புரட்டாசியில் கர்னல் வந்தார். வேலூர்ப் பக்கம், அப்பா தாத்தா எல்லோரும் பட்டாளம், கெட்ட மனுஷன் இல்லை, ஆனால் சொன்ன வேலையை முடித்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருகிற ஜாதி. தவிட்டுமுத்துவின் கால் அப்போது உலகம்மாளின் தலைக்கு மேலே எட்டித் தொடுகிற உயரத்தில் இருந்தது. ஊர் காலியாக வேண்டும் என்று ஜீப்பில் மைக் கட்டிச் சொன்னார்கள். ஜனங்கள் பாதி மூடிய அம்பாரங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு, பாத்திரம் பண்டம், ஆட்டுக்குட்டி எல்லாவற்றோடும் ரோட்டுக்குப் போனார்கள். எண்ணிப் பார்த்தபோது உலகம்மாள் இல்லை.

அவள் பாத்தியின் நடுவில், குடைக்கு நேர் கீழே, காலை நீட்டிப் போட்டு முந்தானையை மடியில் விரித்து உட்கார்ந்திருந்தாள். கர்னல் மைக்கில் கூப்பிட்டார், ஆள் அனுப்பினார். வந்த சிப்பாய்களிடம், வாங்கின பிள்ளையை மடியில்தான் வாங்க வேண்டும், மண்ணில் விடக்கூடாது, உங்கள் வீட்டில் அப்படித்தானே என்று நியாயம் கேட்டாள், அவர்கள் திரும்பிப் போனார்கள். அவர்கள் இரண்டாவது தடவை வருவதற்குள் ரோட்டிலிருந்து சண்முகத்தாய் இறங்கி வந்து உலகம்மாளுக்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்தாள், அவளைப் பார்த்து இன்னும் நாலு பேர், அவர்களைப் பார்த்து இன்னும் பத்துப் பேர், மத்தியானத்துக்குள் பாத்தி முழுக்கப் பெண்களின் மடியாக இருந்தது, வரப்பில் ஆண்கள் குத்தவைத்திருந்தார்கள், சந்தனமாரி அன்றைக்குக் குடிக்காமல் வந்திருந்தான். இந்தக் கூட்டத்துக்குள் வெடி வைக்க முடியாது. கர்னல் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டு காத்திருந்தார், ராத்திரிக்கு அவர்களே எழுந்து போய்விடுவார்கள் என்று.

அவர்கள் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. முறை வைத்துச் சோறு வந்தது, முறை வைத்து ஓலையும் மூடினார்கள். நாளைக்கு ஒரு முழமாக வந்த தவிட்டுமுத்து ஐந்தாம் நாள் காலையில் உலகம்மாளின் மடியில் வந்து உட்கார்ந்தது. எருமைக் கன்றின் கனம் என்று கமலக்கண்ணன் சொல்லியிருந்தார். அவள் தொடையில் அத்தனை கனம் இல்லை, ஒரு கைப்பிள்ளையின் கனம்தான். கீழே தொங்கிய இரண்டு காலையும் சண்முகத்தாய் தன் மடியில் வாங்கிக்கொண்டாள். பச்சைக் குடை எல்லோர் தலையிலும் மெல்லச் சரிந்து விழுந்தது, சிரித்துக்கொண்டே விலக்கிவிட்டார்கள்.

அப்போது அது கண்ணைத் திறந்தது.

தரையில் கால் படாமல் அது கண் திறக்கக்கூடாது, அப்படிச் செய்யப்படவில்லை. ஆனாலும் திறந்தது. இரண்டு பச்சைப் பொட்டு வெளிச்சம். சிரிப்பு நின்றுவிட்டது. அது உலகம்மாளைப் பார்த்தது. பிறகு கழுத்தை மெதுவாகத் திருப்பி, கூட்டத்துக்கு அப்பால் கர்னலுக்குப் பக்கத்தில் நின்ற கமலக்கண்ணனைக் கண்டுபிடித்து, அங்கேயே பார்வையை வைத்தது. அதன் நெஞ்சுக்குள் என்ன ஓடுகிறது என்று அவருக்குத் தெரியும், எழுதினவர் அவரே. நீ யார், நான் யாருடையது என்பதுதான்.

கர்னலுக்கு உடம்பெல்லாம் சந்தோஷம். "கமல், வேலை செய்யுதுய்யா! பழுதில்லாம இறங்கி இருக்கு. வெடியும் வேணாம் ஒண்ணும் வேணாம். கூப்பிடு. நம்மளுதுன்னு சொல்லு, எழுந்து வந்து ஜீப்புல ஏறிக்கும். உன் ஆயுசுக்கும் இது போதும்" என்றார்.

கமலக்கண்ணன் ஒரு எட்டு முன்னால் வைத்தார். கூப்பிட்டால் வரும். வந்தால் அதைக் கழுவித் துடைத்து, மூட்டுக்கு எண்ணெய் விட்டு, பக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாம், அது போல நூறு செய்யச் சொல்வார்கள், ஒவ்வொன்றையும் விமானத்தில் ஏற்றி எங்கேயோ ஒரு ஊருக்கு மேலே, அங்கேயும் யாரோ பாத்தி கட்டிக்கொண்டிருக்கும் ஒரு காலையில் தள்ளிவிடுவார்கள். கூப்பிடாவிட்டால்? கூப்பிடாவிட்டால் அசைகிறதெல்லாம் எதிரி. அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உலகம்மாளிடம் போய்க் குனிந்து, அக்கா, நான் இதை வேண்டாம் என்று சொன்ன பிறகு நீங்கள் இதைத் தரையில் இறக்கிவிட்டால் என்ன ஆகும் என்று எனக்கே தெரியாது, பயமாக இருக்கிறது என்றார்.

"பெத்தவுக பயப்படத்தான் செய்வாக தம்பி. வாங்குனவ நான் பயப்படலாமா?" என்றாள் உலகம்மாள். "சொல்லிட்டுப் போங்க. போகும்போது திரும்பிப் பாக்கப்பிடாது. நீங்க பாத்தா அது உங்க பின்னாடியே வந்துரும்."

அவர் நிமிர்ந்தார். இரண்டு பச்சைப் பொட்டும் அவர் முகத்திலேயே இருந்தன, அது முழித்திருந்து அவ்வளவு கிட்டத்தில் அவர் பார்த்ததே இல்லை. கர்னலுக்கும் கேட்கும்படியாகச் சொன்னார்:

"இது என்னுது இல்ல சார். இந்த அக்காவோட பிள்ளை."

சொல்லி முடித்ததும் உள்ளே ஏதோ அறுந்துபோனது, அடிவயிற்றில் வலித்தது, உண்மையாகவே வலித்தது. பச்சைப் பொட்டு இரண்டும் கொஞ்ச நேரம் அவர் மேலேயே இருந்துவிட்டு, பிறகு உலகம்மாள் பக்கம் திரும்பின. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தார்.

கர்னல் அவரை முறைத்தார், கூட்டத்தைப் பார்த்தார், உலகம்மாளின் மடியைப் பார்த்தார். அவர் வீட்டிலும் குப்பையில் போட்டு எடுத்து அப்படிப் பேர் வைத்த ஒரு பெரியப்பா குப்புசாமி இருந்திருப்பார், யார் கண்டது. கடைசியில், "மூணாவதும் தங்கலைன்னு சொல்லிக்கிறேன்" என்று முணுமுணுத்துவிட்டு, சிப்பாய்களை வண்டியில் ஏறச் சொல்லிவிட்டு, பின்னாலேயே வந்து கமலக்கண்ணனோடு சேர்ந்துகொண்டார்.

வரப்பு நீளமான வரப்பு. இரண்டு பக்கமும் உப்பு வெள்ளையாகக் கிடந்தது. கமலக்கண்ணன் ஜீப்பை மட்டும் பார்த்து நடந்தார். பின்னால் பெண்கள், எய்யா மெதுவா, காலைப் பிடி, அந்தக் காலை விடு என்று பேசிக்கொள்வது கேட்டது. இறக்கிவிடப் போகிறார்கள். அவர், தானே அதன் கைக்குள் வைத்துப் பூட்டிய துப்பாக்கி எப்போது வெடிக்கும் என்று ஒவ்வொரு அடிக்கும் காத்திருந்தார். உப்பு நொறுங்குகிற சத்தம் கேட்டது. ஒன்று. கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொன்று. அப்புறம் எல்லாம் சேர்ந்து ஒரே கூச்சல், கூச்சலுக்கு நடுவே உலகம்மாள் யாரையோ, ஏலே, வரப்பை உடைச்சிராத, பாத்து மிதி என்று திட்டினாள்.

அத்தனை வருஷம் உழைத்தும் அது மண்ணில் நடந்து அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை. அந்த இடது முழங்கால் மடங்குகிறதா என்று ஒரே ஒரு தடவை, ஒரே தடவை பார்த்தால் போதும் என்று இருந்தது. கண் நிறைந்து வரப்பு மங்கலாகத் தெரிந்தது. பக்கத்தில் வந்த கர்னல் நின்று, திரும்பி, நன்றாகப் பார்த்தார். பிறகு எட்டு வைத்து வந்து அவர் தோளில் கையைப் போட்டார்.

"நடக்குதுய்யா" என்றார் மெதுவாக.

கமலக்கண்ணன் கண்ணைத் துடைத்துக்கொள்ளாமல் ஜீப்பைப் பார்த்தபடியே கேட்டார்:

"எது சார்?"